முதல் இழுப்பு

என் கடையில் எந்தக் கருவி விற்றாலும் முதல் இழுப்பு என்னுடையது. வாங்குகிறவர் கண்ணெதிரே பஞ்சை நனைத்து, பட்டனை அழுத்தி, ஒரு இழுப்பு இழுத்துப் புகையை விட்டுக் காட்டுவேன். பிறகு வாய் வைக்கும் முனையைக் கழற்றிவிட்டுப் புது முனை மாட்டிக் கையில் கொடுப்பேன். திருப்பூரில் இந்த வியாபாரம் செய்கிற எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எதையும் நம்பி வாயில் வைக்கத் தோன்றாது. கடைக்காரன் இழுத்துக் காட்டினால் வாங்கிக்கொள்வார்கள்.

சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் சாவு விழுந்தால் கம்பெனி பதினாறு நாள் லீவு தரவேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குச் சமன் வாங்கித் தரவேண்டும். எந்தக் கம்பெனி லீவு தரும்? சமன் என்பது நீர்மருந்து. சூடாக்கிப் புகையாக இழுக்க வேண்டும். இழுத்தால் துக்கம் ஒழிந்துபோகாது, பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும். சத்தம் கேட்கும், அவ்வளவுதான். மூன்றாம் நாளே தையல் மிஷினில் உட்காரலாம்.

கருவியில் இரண்டு வகை. தொட்டி, அமுக்கி. தொட்டியில் மருந்து மேலே, பஞ்சைச் சுற்றியே நிற்கும். எவ்வளவு குறைந்தது என்று கருவியே பார்த்து ஆபீசுக்குச் சொல்லிவிடும். அமுக்கியில் மருந்து கீழே, ரப்பர் பாட்டிலில் இருக்கும். பெருவிரலால் அமுக்கினால் மேலே ஏறிப் பஞ்சை நனைக்கும். விரலை எடுத்தால் மிச்சம் கீழே இறங்கிவிடும். ரொம்ப அமுக்கினால் காற்று ஓட்டை வழியே ஒழுகிச் சட்டைப்பை நாசம். அமுக்க மறந்தாலோ காய்ந்த பஞ்சு கருகித் தொண்டையைச் சுட்டுவிடும். ஒரு அமுக்குக்கு ஆறு இழுப்பு என்று விரல் தானாகப் பழக வேண்டும். பழகியவன் வேறு எதையும் தொடமாட்டான். ஆனால் பழக யாருக்குப் பொறுமை இருக்கிறது? முக்கால்வாசிப் பேர் தொட்டியைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள்.

எனக்கென்று கருவி கிடையாது. நான் விற்கிறவன். ஒரு நாளைக்கு இருபது, முப்பது இழுப்பு கடையில் போகும்தான். அதெல்லாம் டெஸ்டிங். அதை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

மாசி மாதம் ஒரு மத்தியானம் இனியன் வந்தான். முப்பது வயதிருக்கும். சட்டையில் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது. ஏதோ கம்பெனியில் கட்டிங் பார்க்கிறவன் என்று பெருவிரலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மிஷினைத் தள்ளித் தள்ளிக் காய்ப்பு ஏறிய விரல்.

"அமுக்கி இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குதுங்க. தொட்டி பாக்கலீங்களா தம்பி? அதுல உங்களுக்கு ஒரு ரோதனையும் இல்ல."

"அமுக்கிதானுங்க வேணும்."

நான் கேட்டுத்தான் ஆகவேண்டிய கேள்வியைக் கேட்டேன். "யாருங்க?"

"பொண்ணுங்க. நறுமுகை. அஞ்சு வயசு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனமுங்க." சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்தான். "நாப்பத்தொரு நாளாச்சுங்க. இத்தன நாளு சொந்த லீவப் போட்டு ஓட்டிட்டனுங்க. இனி லீவு இல்ல. கண்ணுல தண்ணியோட பிளேடு முன்னாடி நின்னா விரலு போயிரும்னு மேனேஜர் சொல்லறாரு. திங்கக்கெழம கருவியோட வந்தா வேலை, இல்லீன்னா இல்லீங்க."

மேனேஜர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று நினைத்தேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "என்ற சம்சாரம் போயி நாலு வருசமாச்சுங்க தம்பி. பாருங்க, எப்பிடி நிக்கறேன்னு."

இது என் ஆயுதம். இதைக் கேட்டதும் வருகிறவர்கள் முகம் தெளியும். பெண்கள் சிலர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். இனியன் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நல்லாத்தானுங்க நிக்கறீங்க" என்றான். அதில் பாராட்டு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

என் மனைவி மைதிலி போனபோதும் நான் நன்றாகத்தான் நின்றேன். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், சேர் வாடகைக்குச் சொல்லி, வெயிலுக்குப் பந்தல் போடச் சொல்லி, எல்லாம் நானே பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எனக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி என்று நானே வியந்துகொண்டேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எழுந்து கிளம்பும்போது, வாசல் வரை போய், "போயிட்டு வாங்க, அடிக்கடி வாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். சாவு வீட்டில் வருகிறவனும் சொல்லக்கூடாத, வீட்டுக்காரனும் சொல்லக்கூடாத வார்த்தை. கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்று சொல்லியிருக்கிறேன். என் கொழுந்தியாள் அங்கேயே செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான், இன்றுவரை என் வீட்டுப் படி ஏறவில்லை. அப்போது எனக்கு அவள் கோபம் புரியவே இல்லை. மரியாதையாகத்தானே சொன்னோம் என்றிருந்தது.

இனியனுக்குக் கருவி தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். காய்ப்பு ஏறிய விரலுக்கு இளகின பாட்டில் ஆகாது, ஒரே அமுக்கில் வெள்ளமாகிவிடும். கெட்டி ரப்பராகப் பார்த்து எடுத்தேன். கம்பெனி அனுப்பியிருந்த சமனை அதில் நிரப்பிச் சீல் வைத்து மாட்டினேன். அமுக்கினேன், இழுத்தேன், புகையை விட்டேன். "சுத்தமா இருக்குதுங்க" என்றேன்.

"ஏனுங்ணா, இது இழுத்தத எப்படிங்க எண்ணுது?"

"பட்டன் அமுத்தறத எண்ணும். எட்டுத் தடவ அமுத்தோணும் ஒரு நாளைக்கு. ஆபீஸ் போனுக்குப் போயிரும்."

"பாட்டில அமுக்கறத?"

"ரப்பருக்கு என்னங்க தெரியும்? அத எண்ணாது."

அப்போதுதான் அவன் முகத்தில் ஒரு உயிர் வந்தது. எனக்கு எதுவும் பொறி தட்டவில்லை. பில் போட்டுக் கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தான். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கருவியை மேசைமேல் வைத்தான். மூடியைத் திறந்து பார்த்தேன். பஞ்சு கரிக்கட்டையாக இருந்தது. கம்பி சுருள் கறுத்துப்போயிருந்தது. பாட்டில் நான் கொடுத்தபடியே நிறைந்திருந்தது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! வேறு எதற்கும் வராது, கருவியை ஒருவன் நாசம் பண்ணினால் வரும். "ஏந்தம்பி, படிச்சுப் படிச்சுச் சொன்னேனல்லோ? அமுக்காம இழுக்கப்படாதுன்னு சொன்னேனா இல்லியா? இப்படிப் பஞ்சை எரிக்கறதுக்கு அடுப்புல கொண்டுபோய்ப் போட்டிருக்கலாமே!"

"மறந்துட்டு இழுக்கலீங்க" என்றான் கரகரத்த குரலில். "வேணும்னுதான் அமுக்கலீங்க."

"என்னது?"

"பட்டன அமுத்தி, வெறும் பஞ்ச இழுக்கறனுங்க. எட்டுத் தடவ. ஆபீசுக்குக் கணக்கு சரியாயிருது. மருந்து உள்ள போகறதில்லீங்க."

"தொண்ட வெந்து போச்சே, கிறுக்கா உங்களுக்கு?"

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மெதுவாக, விட்டு விட்டுச் சொன்னான். அவன் மனைவி ஹரிணி வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். அவள் நான்காம் நாளே தொட்டி வாங்கிவிட்டாள். முதலில் நல்லதுக்குத்தான் என்று அவனும் நினைத்திருக்கிறான். சோறு தின்றாள், வேலைக்குப் போனாள். முப்பதாம் நாள் குழந்தையின் துணிமணிகளை மடித்துக் கட்டி, வேஸ்ட் பனியன் எடுக்க வந்த வண்டியில் போட்டுவிட்டாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போடலீங்க. வீடு கூட்டற மாதிரி. அப்புறம் ஒரு நாளு நானு நறுமுகை பாட்டு ஒண்ணு சொல்லுவாளே, ஆட்டுக்குட்டிய வெச்சு அவளே கட்டுனது, அது எப்படி ஆரம்பிக்கும்னு கேட்டனுங்க. ஹரிணிக்குத் தெரியலீங்க. சரி போகுதுன்னு, சிரிச்சா எந்தக் கன்னத்துல குழி விழும்னு கேட்டேன். 'குழி விழுமா?'ன்னு கேட்டா. பெத்தவங்க அவ."

"மருந்து மறதி குடுக்காதே தம்பி. அப்படி எங்கயும் போடலியே."

"நானும் ஒரு டாக்டரக் கேட்டனுங்க. மறதி குடுக்கறதில்லியாமா. நெனப்புன்னா ஒரு தடவ எடுத்தா மறுபடி ஒட்ட வெச்சாத்தான் நிக்குமாமுங்க. பனியன்ல பிரிண்ட் ஒட்டறதுக்குச் சூடு வேணுமல்லோ, அந்தச் சூடுதான் வலியாமா. வலி இல்லாம நெனச்சுப் பாத்தா, பாத்தது திரும்ப ஒட்டாதுங்க. நெனைக்க நெனைக்க உதுந்துரும்." இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். "எனக்கு இந்தப் பக்கம் குழின்னு தெரியுமுங்க. எடது பக்கம். அது போயிரக்கூடாது. ஹரிணிகிட்ட இருந்து போயிருச்சு, இனி நான் ஒருத்தன்தானே இருக்கறேன். நானும் விட்டுட்டா அப்புறம் அவ எங்கயுமே இல்லீங்க."

இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. எனக்கு அந்தக் கருகின பஞ்சு மேசைமேல் கிடந்ததுதான் உறுத்தியது. ஒன்பது வருடமாக ஒரு பஞ்சைக் கூடக் கருக விடாதவன் நான். இவன் தினமும் எட்டுத் தடவை எரித்துக்கொண்டு ஊரெல்லாம் என் கடைப் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தால் என்ன மரியாதை?

பாட்டிலின் சீலைச் சூடு காட்டிக் கழற்றினேன். சமனை வாஷ்பேசினில் ஊற்றினேன். உள்ளே வெறும் கிளிசரினை நிரப்பி, சீலைத் திரும்ப ஒட்டினேன். பஞ்சு மாற்றினேன். இது வெளியே தெரிந்தால் கடைக்குப் பூட்டு, எனக்கு ஜெயில். அதுவும் ஏனோ பெரிதாகத் தோன்றவில்லை. அமுக்கி இழுத்துப் பார்த்தேன். லேசான இனிப்பு, வேறொன்றும் இல்லை.

"இது வெறும் புகை. ஒண்ணும் செய்யாது. ஒழுங்கா அமுக்கி இழுங்க. மாசா மாசம் பாட்டில எங்கிட்டக் கொண்டாங்க. பஞ்ச மட்டும் எரிச்சீங்கன்னா தொலச்சுப்போடுவேன்."

இனியன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் விடவில்லை. சரி, பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் யாரிடம் சொன்னானோ. அடுத்த மாதம் இரண்டு பேர் வந்து, குரலைத் தாழ்த்தி, "அமுக்கி வேணுமுங்க, வெள்ளை" என்றார்கள். மருந்தில்லாத வெறும் கிளிசரினுக்கு அதற்குள் அந்தப் பெயர் விழுந்திருந்தது. அதற்கடுத்த மாதம் எட்டுப் பேர். அம்மாவைப் பறிகொடுத்த ஒரு சிங்கர் மிஷின் டெய்லர், தம்பியைப் பறிகொடுத்த ஒரு சாயப்பட்டறைக்காரர், புருஷனைப் பறிகொடுத்த ஒரு வாத்தியாரம்மா. ஆவணி பிறந்தபோது தொட்டிகள் அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தன. எல்லாருக்கும் விரலைப் பிடித்துப் பார்த்து, ரப்பர் பார்த்து, பஞ்சு வைத்து, சீல் மாற்றிக் கொடுத்தேன். வழக்கத்தை விடவில்லை. முதல் இழுப்பு நான்தான்.

அந்த ஆவணியில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. எங்கே வலி என்று சொல்லத் தெரியவில்லை. மெஸ்ஸில் புளிக்குழம்பு புளித்தது. நான்கு வருடமாக அங்கேதான் சாப்பிடுகிறேன், புளித்ததே இல்லை. "மாஸ்டர் மாறிட்டாரா?" என்று கேட்டதற்கு அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கடைச் சந்தில் எவளோ ஒருத்தி வளையல் சத்தத்தோடு நடந்து போனால் தலையைத் தூக்கிப் பார்த்தேன். யாரை எதிர்பார்க்கிறோம் என்று எனக்கே எரிச்சலாக வந்தது. பிரஷர் பார்த்தேன், சுகர் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அவர்மேலும் கோபம் வந்தது.

புரட்டாசியில் இனியன் ஹரிணியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆறு மாதம் முடிந்தும் அவள் கம்பெனி தொட்டியை நீட்டித்திருந்தது. நன்றாக வேலை பார்க்கிறாளாம். கல்லுச்சிலை மாதிரி நின்றாள். பட்டுப்போல் தலைவாரி, நெற்றியில் பொட்டு, முகத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணாடியில் நான் தினமும் பார்த்துப் பழகிய முகம் அது என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று யோசிக்கவில்லை.

"இவளுக்கும் வெள்ளை வேணுமுங்ணா" என்றான் இனியன். அவன் குரல் தேறியிருந்தது. "போனது போகட்டுமுங்க. மிச்சம் ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு இருந்தா இருக்கட்டும்."

"எனக்கு இதுவே நல்லாத்தான் இருக்குது" என்றாள் ஹரிணி. "இவருதான் ஏனோ மெனக்கெடறாரு."

அவள் விரலைப் பார்த்தேன். நூல் பிசிறு பார்த்துப் பார்த்து நுனி தேய்ந்த மெல்லிய விரல். இளகின பாட்டிலாக இரண்டு எடுத்து முன்னே வைத்தேன். ஒன்றை அமுக்கிப் பார்த்தாள், மற்றதை அமுக்கிப் பார்த்தாள். பச்சை நிறத்ததை என் பக்கம் நகர்த்திவைத்தாள். பிடித்திருந்ததா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நான் சீல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா" என்றான் இனியன். "இப்பெல்லாம் வெள்ளைதான் நெறையப் போகுதுங்களா?"

"பத்துக்கு ஒம்போது வெள்ளைதான். எல்லாம் உங்க புண்ணியம்."

"மொத இழுப்பு இன்னும் நீங்கதானே இழுக்கறீங்க?"

"பின்ன? வழக்கம் வழக்கந்தானே."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நாள் பார்த்த அதே பார்வை.

பச்சை அமுக்கியை எடுத்தேன். அமுக்கினேன், இழுத்தேன், புகையை விட்டேன். "சுத்தமா இருக்குதுங்க" என்றேன்.

ஹரிணி புகையைப் பார்த்தபடி, எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்பதுபோல் கேட்டாள். "உங்க வீட்டுல யாராச்சும் தவறியிருக்காங்களாங்க?"

"என்ற சம்சாரம் போயி..."

ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். நாக்கு பாதியில் நின்றுவிட்டது. இருமல் என்று நினைத்துத் தொண்டையைக் கனைத்தேன். மறுபடி ஆரம்பித்தேன். "என்ற சம்சாரம்..."

மைதிலி செத்துப்போய்விட்டாள். அதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக் கூடையோடு அந்தக் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வருவாள். வந்ததும் ஏதோ சொல்வாள். தினமும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வாள். வாய் அசைவது தெரிந்தது, சத்தம் இல்லை. குரல் தடிப்பா மெலிசா என்றுகூடத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவள். முப்பது முப்பதாக இழுத்து இழுத்து, டெஸ்டிங் டெஸ்டிங் என்று சொல்லிக்கொண்டு, அவளை நானே ஊதித் தள்ளியிருக்கிறேன். இந்த இரண்டு மாதமாகத்தான் மருந்து அவ்வளவாக உள்ளே போகவில்லை. வண்டியில் துணி போட்ட இந்தப் பெண்ணுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஐயோ, அழுகை வந்துவிட்டது. அவள் குரல் வரவில்லை.

மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான்கு வருடத்து அழுகை அசிங்கமாகத்தான் வரும். மூக்கு ஒழுகியது, எச்சில் ஒழுகியது. கையில் இருந்த பாட்டிலை இறுக்கி அமுக்கியதில் கிளிசரின் பொங்கி முழங்கை வரை வழிந்தது. இனியன் மேசையைச் சுற்றி உள்ளே வந்து அதை என் விரலிலிருந்து பிரித்து வாங்கிவைத்தான். என்னை ஸ்டூலில் உட்கார வைத்தான். தண்ணீர் கொடுத்தான். "அழுவாதீங்க" என்று சொல்லவில்லை. எதிரே இன்னொரு ஸ்டூலைப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தான். ஹரிணியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்கள் இருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்றார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் தாழ்ந்திருந்தது. இனியன் எழுந்து பச்சை அமுக்கியைத் துடைத்து, புது முனை மாட்டி, ஹரிணியின் பைக்குள் வைத்தான். என் தோளை ஒரு தடவை தொட்டான்.

கதவுப் பக்கம் போனதும் ஹரிணி பழக்கத்தில் திரும்பினாள். "சரிங்ணா, அப்ப நாங்க போயிட்டு..."

இனியன் அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்தான். அவள் நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாள். ஏதோ ஒன்று அந்த முகத்தில் ஒரு நொடி அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போனாள். அவனும் ஒன்றும் சொல்லாமல் போனான்.

நானும் "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை.